பள்ளிக்கூட வளவில் எழுந்த பல்கலைக்கழகம்

தன்னாமுனையில் நின்று பார்த்தால் கிழக்குப் பல்கலைக்கழகம் நம்மை மூன்று திசைகளிலும் சூழ்ந்திருப்பது தெரியும். மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே செல்லும் பிரதான வீதியில் ஏறாவூரையும் செங்கலடியையும் கடந்தால் வந்தாறுமூலையில் அதன் பிரதான வளாகம். நகர்ப் பக்கமாகத் திரும்பினால் சத்துருக்கொண்டானைத் தாண்டிப் பிள்ளையாரடியில் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடத்தின் கட்டடங்கள். நகரையும் கடந்து பாலத்தால் வாவியைத் தாண்டினால் கல்லடியில் சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம். ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் வீதியுமாக வாழும் எமது கிராமத்தவர்க்கு, பஸ் யன்னலுக்கு வெளியே தினமும் காணும் காட்சிகளில் ஒன்று பல்கலைக்கழகம்.

ஆயினும், அந்த மதிலுக்கு உள்ளே செலவாகும் அரச பணத்துக்கும் வெளியே வாழும் சனங்களுக்கும் உள்ள தொடர்பு யாது என்ற வினா இங்கே உரத்துக் கேட்கப்பட்டதில்லை. பத்திரிகையில் பணியாற்றிய காலத்தில் பல்கலைக்கழகம் பற்றி நான் எழுதிய செய்திகள் பலவும் வேலைநிறுத்தம், நியமனம், பட்டமளிப்பு விழா என்ற மூன்று தலைப்புகளுக்குள் அடங்கிவிடும். அந்தச் செய்திகளில் வந்தாறுமூலை என்ற ஊர், இடத்தைக் குறிக்கும் ஒரு சொல்லாக மட்டுமே வந்துபோயிற்று. அந்த ஊர் இந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தது என்ன, பெற்றது என்ன என்பதைச் சற்று வரலாற்றோடு பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்விக்குப் பணம் கொடுத்தவர்கள்

மட்டக்களப்பில் நவீன கல்வி அரசாங்கத்தின் பணத்தில் தொடங்கவில்லை. வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த பாதிரியார் 1814 இல் தொடங்கிய பள்ளிக்கூடமே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. கத்தோலிக்கர்கள் 1873 இல் புனித மிக்கேல் கல்லூரியை அமைத்தனர். 1929 இல் கல்லடி உப்போடையில் இராமகிருஷ்ண மிஷனின் சிவானந்த வித்தியாலயம் சுவாமி விபுலாநந்தரின் முயற்சியால் எழுந்தது. தன்னாமுனை போன்ற கத்தோலிக்கக் கிராமங்களில் கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே வளவில் இருந்தன. மிஷன்கள் நடத்திய பள்ளிகளுக்கு அரசாங்கம் உதவிப்பணம் கொடுத்தது. மிகுதியை மிஷனும் ஊரவரும் பொறுத்தனர்.

1945 இல் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக மாற்றியது. கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகள் அமைக்கப்பட்டன. நகரத்துப் பெரிய கல்லூரிகளின் வாசற்படியை மிதிக்க வழியற்ற விவசாயியின் பிள்ளை, புலமைப்பரிசிலோடு விடுதியில் தங்கி ஆங்கிலத்தில் விஞ்ஞானம் படிக்கலாம் என்பதே அத்திட்டத்தின் உயிர். வந்தாறுமூலையில் தோன்றிய மத்திய கல்லூரி அவ்வகையைச் சேர்ந்தது. அரசாங்க சபை உறுப்பினராகவும் 1947 முதல் கல்குடாத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்த வ. நல்லையாவின் பெயரை அக்கல்லூரியோடு சேர்த்தே இப்பகுதிப் பெரியவர்கள் சொல்வார்கள். வயலும் மாடும் சார்ந்து வாழ்ந்த ஒரு பிரதேசத்தில், நாட்டின் பொதுப்பணத்தின் பயன் அப்போது ஊரின் நடுவிலேயே வந்து இறங்கியது. பின்னர் நடந்ததை விளங்கிக்கொள்ள இதை மனதிற் கொள்ள வேண்டும்.

இடத்துக்கான போட்டி

பல்கலைக்கழகத்தை எங்கே அமைப்பது என்பது இலங்கையில் என்றுமே அரசியல் வினாவாகவே இருந்து வந்துள்ளது. 1906 இல் பொன்னம்பலம் அருணாசலம் முதலானோர் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற இயக்கத்தைத் தொடங்கினர். 1921 இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. முழுப் பல்கலைக்கழகம் கொழும்பிலா கண்டியிலா என்ற சர்ச்சை 1920களிலும் 30களிலும் பத்திரிகைகளின் பத்திகளை நிறைத்தது. லேக் ஹவுஸ் அதிபர் டி.ஆர். விஜயவர்த்தன கண்டிப் பக்கம் நின்று தமது பத்திரிகைகளால் பெரும் பிரசாரமே நடத்தினார். 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பில் உருவாகி, 1952 இல் பேராதனைக்கு இடம்மாறியது. அங்கே மகாவலிக் கரையில், ஒரு பல்கலைக்கழகத்துக்கெனவே திட்டமிட்டு, பெருஞ்செலவில் விடுதிகளும் விரிவுரை மண்டபங்களும் எழுப்பப்பட்டன.

தமிழரசுக் கட்சி திருகோணமலையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று கேட்டு வந்தது. யாழ்ப்பாணமா திருகோணமலையா என்ற வாதம் தமிழருக்குள்ளேயே நீண்டு கிடந்தது. அந்த வாதத்தில் மட்டக்களப்பின் பெயர் அருமையாகவே எழுந்தது. இவ்வளவுக்கும் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1943 இல் பொறுப்பேற்றவர் காரைதீவில் பிறந்து மட்டக்களப்பில் பள்ளி நடத்திய விபுலாநந்தர்தான். பேராசிரியரை நாட்டுக்குத் தந்த மண்ணுக்குப் பல்கலைக்கழகம் வர மேலும் 38 ஆண்டுகள் எடுத்தன.

1974 ஒக்டோபரில் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டபோது அதற்குப் புதிய கட்டடங்கள் எழுப்பப்படவில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் திருநெல்வேலியில் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளவே வளாகமாயிற்று. பல்கலைக்கழகம் வந்தது, பரமேஸ்வராக் கல்லூரி என்ற பள்ளிக்கூடம் மறைந்தது. பேராதனைக்கு மகாவலிக் கரை, யாழ்ப்பாணத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் என்ற இந்த வேறுபாட்டை வாசகர்கள் கவனிக்க வேண்டும். காலமும் பொருளாதாரமும் மாறியிருந்தன என்பது உண்மை. ஆனால், மூலதனச் செலவைத் தவிர்க்கும் எளிய வழியாக, இயங்கிக்கொண்டிருந்த ஒரு பள்ளியைப் பல்கலைக்கழகமாக மாற்றும் முறை அங்கேதான் தமிழ்ப் பகுதியில் முன்னுதாரணமாயிற்று.

1981: வந்தாறுமூலை

1978 நவம்பர் 23 ஆம் திகதிய சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்தைச் சிதைத்துப் போட்டது. தென்னந்தோட்டங்களும் வீடுகளும் பள்ளிகளும் அழிந்தன. அதே ஆண்டில் நிறைவேறிய 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவை உருவாக்கிப் புதிய பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கும் வழி திறந்திருந்தது. கல்குடாத் தொகுதியின் பிரதிநிதியாகவும் ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கத்தின் அமைச்சராகவும் இருந்த கே.டபிள்யூ. தேவநாயகத்தின் முயற்சியை இவ்விடயத்தில் பலரும் இன்றும் நன்றியோடு நினைவுகூர்கின்றனர்.

1981 ஆகஸ்ட் 1 ஆம் திகதி மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி ஆரம்பமாயிற்று. இடம், வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளவு. பேராதனைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டு விஞ்ஞானமும் விவசாயமும் முதலிற் கற்பிக்கப்பட்டன. 1986 ஒக்டோபர் 1 ஆம் திகதி அது கிழக்குப் பல்கலைக்கழகம் என்ற பெயரோடு முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. பின்னர் வர்த்தகமும் கலையும் சேர்ந்தன.

அவ்வாறு உயர்ந்தது எமக்குப் பெருமையே. ஆனால் அதன் மறுபக்கத்தையும் பதிவுசெய்ய வேண்டும். கிராமத்துப் பிள்ளைகளுக்கென்று கன்னங்கரா காலத்துத் திட்டம் கொடுத்த வளவு, நாடு முழுவதிலுமிருந்து தெரிவாகும் மாணவர்களின் வளவாயிற்று. வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயம் பரமேஸ்வராவைப் போல மறைந்துவிடவில்லை. வேறிடத்தில் இன்றும் இயங்குகிறது. எனினும், இடம்பெயர்ந்த பள்ளிக்கூடத்துக்குப் பழைய இடத்தின் பெறுமதி முழுவதும் திரும்பக் கிடைத்ததா என்று கணக்குப் பார்த்தவர் எவருமில்லை. திறைசேரியின் ஏட்டில் ஒரு பல்கலைக்கழகம் குறைந்த செலவில் தொடங்கப்பட்டது. அந்தச் செலவின் ஒரு பகுதியை ஊர்ப் பள்ளிக்கூடம் கட்டியது என்பது எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை.

1990: ஊர் உள்ளே வந்தபோது

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் வெடித்தது. அவ்வாண்டின் ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்கள் மட்டக்களப்பின் எந்தச் சமூகமும் மறக்க முடியாதவை. ஆகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் 12 இல் ஏறாவூரிலும் முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 9 இல் எமது அயலிலுள்ள சத்துருக்கொண்டானிலும் சுற்றுக் கிராமங்களிலும் தமிழ் மக்கள் பிடித்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர்.

அந்த நாட்களில் செங்கலடி, வந்தாறுமூலை, சித்தாண்டி முதலான ஊர்களின் மக்கள் ஓடிச் சென்று புகுந்த இடம் பல்கலைக்கழகம். விரிவுரை மண்டபங்களிலும் மர நிழல்களிலுமாக அங்கே 40,000 இற்கு மேற்பட்டோர் தஞ்சமடைந்திருந்தனர். பின்னாளில் உபவேந்தராக விளங்கிய கலாநிதி த. ஜெயசிங்கம் உட்படச் சில விரிவுரையாளர்களும் ஊழியர்களுமே முகாமை நடத்தினர். செப்டெம்பர் 5 ஆம் திகதி இராணுவத்தினர் முகாமைச் சுற்றிவளைத்தனர். மக்களை வரிசையில் நிறுத்தி, முகமூடி அணிந்த தலையாட்டிகளின் முன்னே நடக்கவிட்டு, 158 பேரைப் பிரித்துக் கொண்டுசென்றனர். அவர்கள் திரும்பவில்லை. அதே மாதம் 23 ஆம் திகதி மேலும் 16 பேர் கொண்டுசெல்லப்பட்டனர். 1994 இல் அமைக்கப்பட்ட ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழு இச்சம்பவத்தை விசாரித்தது, சாட்சியங்கள் பதிவாகின. தண்டிக்கப்பட்டவர் எவருமில்லை.

1981 இல் ஊரின் பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொண்ட வளாகம், ஒன்பது ஆண்டுகளின் பின் ஊருக்கே அடைக்கலம் கொடுத்தது. ஊரின் மிகப் பெரிய இழப்பும் அதே வளாகத்துக்குள்ளேயே நிகழ்ந்தது. ஒரு பல்கலைக்கழகத்துக்கும் அதன் அயலுக்கும் இடையே இதைவிட நெருக்கமான உறவு வேறெங்கும் இருக்குமா என்பது சந்தேகமே. கொண்டுசெல்லப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் செப்டெம்பர் 5 ஆம் திகதிகளில் பல்கலைக்கழகத்தின் முன்னே ஒன்றுகூடி விளக்கேற்றி வந்திருக்கின்றனர். அவர்கள் நிற்பது பெரும்பாலும் வாயிலுக்கு வெளியே, வீதியோரத்தில்.

பல்கலைக்கழகமும் தன் பங்குக்கு இழந்தது. உபவேந்தர் பேராசிரியர் சி. இரவீந்திரநாத் 2006 டிசெம்பர் 15 ஆம் திகதி கொழும்பில் காணாமற்போனார். ஒரு நிறுவனத்தின் தலைவரும் அதன் அயலூர் விவசாயியும் ஒரே வகையான பட்டியலில் இடம்பெறும் விதி இம்மண்ணுக்கு வாய்த்தது.

வளாகங்கள் பெருகின

யுத்தகாலத்திலும் அதன் பின்னரும் பல்கலைக்கழகம் பரந்தது. 2001 இல் திருகோணமலை வளாகம் உருவாயிற்று. கல்லடியில் இசை நடனக் கல்லூரியாக இருந்தது பல்கலைக்கழகத்தோடு இணைந்து விபுலாநந்தரின் பெயரால் நிறுவகமாயிற்று. 2000களின் நடுப்பகுதியில் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடம் தோன்றி, மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையைச் சார்ந்து மருத்துவரும் தாதியரும் உருவாக வழி செய்தது. யுத்தத்தில் வைத்தியர் பற்றாக்குறையால் வாடிய மாவட்டத்துக்கு இப்பீடம் கிடைத்தது பெரும் பேறு.

ஆனால் இத்தனை கிளைகளுக்கும் ஊற்ற வேண்டிய நீர் ஒரே வாளியிலிருந்து வருகிறது. திறைசேரி கொடுக்கும் பணம், மானியங்கள் ஆணைக்குழுவின் வழியாக, மீண்டுவரும் செலவினம் என்றும் மூலதனச் செலவினம் என்றும் இரண்டாகப் பிரிந்து வருகிறது. முதலாவதில் பெரும்பகுதி சம்பளத்துக்குப் போய்விடும். இரண்டாவதே கட்டடம், விடுதி, ஆய்வுகூடம், வடிகால் எல்லாவற்றுக்கும் ஆதாரம். நெருக்கடி வரும்போது முதலிற் கைவைக்கப்படுவது அந்த இரண்டாவதில்தான். 2022 இல் நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தபோது நாடெங்கும் அரச கட்டட வேலைகள் பாதியில் நின்றதை நாம் கண்டோம்.

2012 இல் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் மூன்று மாதங்களுக்கு மேலாக வேலைநிறுத்தம் செய்து, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்குமாறு கேட்டது. அப்போதைய ஒதுக்கீடு ஏறத்தாழ 2 வீதமே. 2024 இல் கல்விசாரா ஊழியர்கள் இரண்டு மாதங்களுக்கு மேலாகப் பணிப்புறக்கணிப்புச் செய்தபோது, விரிவுரையாளர் இருந்தும் பல்கலைக்கழகங்கள் முடங்கின. 6 வீதம் என்ற சுலோகம் நியாயமானது. ஆனால் அந்த 6 வீதம் வந்தால் எதற்கு முதலிடம் என்ற வினாவில் அயலூர் என்ற தலைப்பு அன்றும் இருக்கவில்லை; இன்றும் இல்லை.

மதிலுக்கு வெளியே

அயலூரின் கவலைகள் எவை? முதலாவது விடுதி. விடுதியில் இடம் கிடைக்காத மாணவர்கள் செங்கலடியிலும் வந்தாறுமூலையிலும் ஏறாவூர்ப் பக்கத்திலும் வாடகை அறை தேடுகின்றனர். இதனால் சில குடும்பங்களுக்கு வருமானம் உண்டு. கணவனை இழந்த பெண்கள் தலைமை தாங்கும் வீடுகள் பல உள்ள பகுதியில் அதைக் குறைத்து மதிப்பிட முடியாது. அதேவேளை கிணறும் மலசலகூடமும் ஒரு குடும்பத்துக்கென அமைந்த வளவில் பத்துப் பேர் தங்கினால் சுமை யாருடையது? மகாபொல புலமைப்பரிசில் நீண்ட காலம் மாதம் 5,000 ரூபாவாகவே இருந்து, 2025 வரவு செலவுத் திட்டத்திலேயே 7,500 ரூபாவாக உயர்ந்தது. அந்தப் பணத்துக்குள் வாடகையும் சாப்பாடும் அடங்க வேண்டும். அரசாங்கம் கட்டாத விடுதியின் செலவை மாணவனும் வீட்டுக்காரியும் பங்குபோட்டுச் சுமக்கிறார்கள்.

இரண்டாவது வேலை. சிற்றூழியர், காவலாளி, தோட்டவேலை போன்ற பதவிகள் வரும்போது, வளவைக் கொடுத்த ஊருக்கு முன்னுரிமை வேண்டும் என்று அயலவர் எதிர்பார்ப்பது இயல்பு. நியமனங்களோ அரசியல்வாதிகளின் பட்டியல்களோடு பிணைந்தவை என்பது நாடறிந்த இரகசியம்.

மூன்றாவது வெள்ளம். வடகீழ்ப் பருவமழையில் இப்பகுதி ஆண்டுதோறும் நீரில் மூழ்குகிறது. ஒரு பெரிய வளவை உயர்த்திக் கட்டடம் எழுப்பினால் அங்கு தேங்கிய நீர் வேறெங்கோ போகத்தான் வேண்டும். வயற்காரருக்கும் வாவி மீனவருக்கும் இது படிப்பில்லாமலே தெரியும். விவசாய பீடத்தையும் விஞ்ஞான பீடத்தையும் வைத்திருக்கும் ஒரு நிறுவனம், தன்னைச் சூழவுள்ள நீரோட்டத்தைப் பற்றி ஊரோடு உட்கார்ந்து பேசுவதற்குப் பெருஞ்செலவு எதுவும் தேவையில்லை.

நான்காவது, எனது நோக்கில் முதன்மையானது, பிள்ளைகள். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் தேசியத் திறமை அடிப்படையிலும் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்பட்டு வந்திருக்கிறது. அந்தப் பின்தங்கிய 16 மாவட்டங்களுள் மட்டக்களப்பும் ஒன்று. ஒரு பல்கலைக்கழகம் நாற்பது ஆண்டுகளாக நடுவில் நின்றும் மாவட்டம் பின்தங்கிய பட்டியலில் இருப்பது எதைக் காட்டுகிறது? உயர்தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பிக்க ஆசிரியரில்லாத கிராமப் பள்ளிகளின் வாசலைக் கடந்தே விஞ்ஞான விரிவுரையாளரின் வாகனம் தினமும் செல்கிறது.

ஊருடையதா, நாட்டுடையதா?

இவ்வளவும் சொன்ன பின் மறுதரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். அரச பல்கலைக்கழகம் ஓர் ஊரின் சொத்தன்று. மாத்தறையிலும் அனுராதபுரத்திலும் வரி கட்டுபவனின் பணமும் அதில் உண்டு. யுத்தம் முடிந்த பின் சிங்கள மாணவர்கள் பெருந்தொகையில் வந்தாறுமூலைக்கு வந்தபோது முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் பேராதனைக்கும் கொழும்புக்கும் நமது பிள்ளைகள் போகும் உரிமையும் அதே விதியிலிருந்துதான் வருகிறது என்பதை மறக்கலாகாது.

'எமது பல்கலைக்கழகம்' என்ற சொல் எவ்வளவு ஆபத்தானதாக மாறலாம் என்பதற்கு எமது மாகாணத்திலேயே பாடம் உண்டு. யுத்தச் சூழலில் யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் முஸ்லிம் மாணவர்கள் கல்வியைத் தொடர முடியாமற் போனதன் விளைவாகவே, எம்.எச்.எம். அஷ்ரப்பின் முயற்சியால் 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரி அமைந்து, அடுத்த ஆண்டே தென்கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அது இன்று நாட்டின் மதிப்புள்ள நிறுவனம். ஆயினும், ஒரே வாவிக்கரையில் வாழும் இரண்டு சமூகங்களின் பிள்ளைகள் வெவ்வேறு மண்டபங்களில் படிக்க நேர்ந்தது யாருக்கும் வெற்றியன்று.

எனவே அயலூர் கேட்க வேண்டியது உடைமையுரிமையை அன்று. பல்கலைக்கழகம் எந்த ஊரின் நடுவில் நிற்கிறதோ அந்த ஊரின் கணக்கையும் தன் வரவு செலவில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும் என்பதே கோரிக்கை. இடம் கொடுத்த பள்ளிக்கூடத்தின் ஆய்வுகூடத்தையும் நூலகத்தையும் பல்கலைக்கழகம் தத்தெடுக்கலாம். இறுதியாண்டு விஞ்ஞான மாணவர்கள் அயற்பள்ளிகளில் வாரம் ஒருநாள் கற்பிப்பதைப் பாடத்திட்டத்தின் பகுதியாக்கலாம். மூலதனப் பணம் வரும்போது அலங்கார வாயிலுக்கு முன்னர் விடுதியும், விடுதியோடு சேர்த்து வடிகாலும் என்று வரிசைப்படுத்தலாம். இவற்றுட் பலவற்றுக்குத் திறைசேரியின் அனுமதியைவிடப் பேரவையின் மனமே தேவை.

இன்னுமொன்று உண்டு, அதற்குச் செலவு மிகக் குறைவு. 1990 செப்டெம்பர் 5 ஆம் திகதி அந்த வளவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட 158 பேரின் பெயர்களைத் தாங்கிய ஒரு கல்லை வளாகத்துக்குள் நிறுவி, அந்த ஒரு நாளிலாவது அவர்களின் உறவினரை வாயிலுக்கு உள்ளே அழைத்து இருத்தலாம். அந்தத் தாய்மாரிற் பலர் காத்திருந்தே கண்மூடிவிட்டார்கள். எஞ்சியோருக்கும் வயது ஏறிவிட்டது. திறைசேரி பணம் அனுப்பும் வரை காத்திருக்க அவர்களால் முடியாது.